வலியறிதல்



மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமைகளில் பங்கிலுள்ள நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுசெல்வது குருக்களின் கடமைகளுள் ஒன்று என்பதை நீங்கள் அறிவீர்கள். காலைத் திருப்பலி முடிந்ததும் புறப்பட்டால், பன்னிரண்டு, பதின்மூன்று வீடுகளுக்குச் சென்று திரும்ப நண்பகலாகிவிடும். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு செபம், நற்கருணை, ஆசீர், இரண்டு ஆறுதல் மொழிகள். பிறகு அடுத்த வீடு.

அவ்வீடுகளில் ஒன்றில் அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க தாய் ஒருவர், இடுப்புவலியால் கட்டிலே கதியென்று கிடந்தார். நான்கு ஆண்டுகள் அவ்வீட்டிற்கு நாம் சென்றுவந்தோம். ஒவ்வொரு முறையும், “ஆண்டவர் உங்களுக்குக் கொடுத்த சிலுவை அம்மா, பொறுமையாகச் சுமந்துகொள்ளுங்கள்” என்போம். அவரும், “சரிங்க சாமி” என்பார். நமக்கும் மனநிறைவாக இருக்கும்.

அந்த நான்கு ஆண்டுகளில் ஒருமுறையேனும், “அம்மா, இந்த வலியைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?” என்று நாம் கேட்டதில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை. குருமடத்தில் வினாக்களுக்கு விடை சொல்லப் பயின்றோம். வினவுவதற்கு அவ்வளவாகப் பயிலவில்லை. நாம் கேளாதுவிட்ட அந்தக் கேள்வியைப் பற்றியே இம்மாதம் எழுத விழைகிறோம். அத்தாயின் கதையை அவருடைய இசைவுடனேயே இங்கே சொல்கிறோம். அவர் நம்மிடம் கூறியவை கட்டிலருகே நிகழ்ந்த உரையாடலில் கூறியவையே. ஒப்புரவு அருட்சாதனத்தில் கூறியவை அல்ல.

காய்ச்சலை அளக்க வெப்பமானி உண்டு. இரத்த அழுத்தத்தை அளக்கக் கருவி உண்டு. சர்க்கரையை அளக்க ஒரு துளி இரத்தம் போதும். ஆனால் வலியின் அளவை உறுதியாகக் காட்டும் கருவி இன்றளவும் இல்லை. நோயாளியின் வாய்ச்சொல்லே அதற்கு முதன்மையான அளவுகோல். பன்னாட்டு வலி ஆய்வுக் கழகம் 2020ஆம் ஆண்டில் வலிக்கான வரையறையைத் திருத்தி வெளியிட்டது. ஒருவர் தமக்கு வலிக்கிறது என்றால் அச்சொல்லை மதிக்க வேண்டும் என்பதை அதில் ஒரு குறிப்பாகவே சேர்த்தது. “சும்மா பாசாங்கு செய்கிறார்” என்று வீட்டுப் பெரியவர்களைப் பற்றி முணுமுணுப்போர் இதனைக் கருத்தில் கொள்வாராக.

வாய்ச்சொல்லே அளவுகோல் என்றால், அச்சொற்களைச் சேகரிக்க வேண்டுமன்றோ? கனடா நாட்டின் மக்கில் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரொனால்ட் மெல்சாக் அதைத்தான் செய்தார். வலியை விவரிக்கும் 78 சொற்களை 20 தொகுதிகளாக வகுத்து, 1975இல் ஒரு வினாத்தாளாக வெளியிட்டார். நம் பாட்டிமாரிடம் கேட்டால் அவர்களும் ஒரு பட்டியல் தருவார்கள்: குத்துகிறது, குடைகிறது, கடுக்கிறது, எரிகிறது, இழுக்கிறது, பிடுங்குகிறது, விண்விண்ணென்று தெறிக்கிறது. இவை வீண்பேச்சல்ல. எரிச்சல் ஒரு காரணத்தையும், குடைச்சல் வேறொரு காரணத்தையும் மருத்துவருக்குச் சுட்டக்கூடும்.

ஆயினும் வலி எப்படியிருக்கிறது என்று கேட்பது வேறு. அந்த வலிக்கு நோயாளி என்ன பொருள் கொள்கிறார் என்று கேட்பது வேறு. இந்த வேறுபாட்டை உலகுக்குக் காட்டியவர்களுள் ஒருவர் ஹென்றி பீச்சர் என்னும் அமெரிக்க மருத்துவர். இரண்டாம் உலகப் போரின்போது போர்முனையில் கடுங்காயமுற்ற வீரர் 215 பேரை விசாரித்து, 1946இல் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். வலி தணிக்கும் மருந்து வேண்டுமா என்று கேட்டபோது, ஏறத்தாழ நால்வரில் மூவர் வேண்டாம் என்றனராம்! பின்னர் மருத்துவமனையில் அறுவை மருத்துவம் செய்துகொண்ட பொதுமக்களோடு ஒப்பிட்டபோது, அவர்களில் மிகப் பலர் மருந்து கேட்டனர். பீச்சர் தந்த விளக்கம் இது: போர்வீரனுக்குக் காயம் என்பது போர்க்களத்திலிருந்து விடுதலை, உயிரோடு வீடு திரும்பும் வாய்ப்பு. மற்றவருக்கோ அது வந்து சேர்ந்த பேரிடர். காயத்தின் அளவு மட்டும் வலியின் அளவைத் தீர்மானிப்பதில்லை. காயம் தாங்கிவரும் பொருளும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

இந்தப் பொருளை அளப்பது எவ்வாறு? ஹவர்ட் லெவன்தால் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் இதற்கு அடித்தளமிட்டார். கற்றவரானாலும் கல்லாதவரானாலும், நோயுற்ற ஒவ்வொருவரும் தம் நோயைப் பற்றி உள்ளத்தில் ஒரு சித்திரம் வரைந்துகொள்கிறார் என்பது அவர் கண்டது. அச்சித்திரத்தில் ஐந்து கூறுகள் உண்டு. இது என்ன நோய்? எதனால் வந்தது? எவ்வளவு காலம் இருக்கும்? இதனால் என் வாழ்வு என்னவாகும்? இதைக் குணப்படுத்தவோ கட்டுப்படுத்தவோ முடியுமா? மருத்துவர் சொல்வதை விட, தம் உள்ளத்துச் சித்திரம் சொல்வதையே மனிதர் பெரும்பாலும் பின்பற்றுகிறார். இரத்த அழுத்த மாத்திரையை நாள்தோறும் விழுங்கச் சொன்னாலும், தலை கனக்கும் நாளில் மட்டும் விழுங்குவோர் நம் வீடுகளிலேயே உண்டல்லவா? ‘தலை கனத்தால்தான் அழுத்தம்’ என்பது அவர்களுடைய சித்திரம்.

இங்கிலாந்தையும் நியூசிலாந்தையும் சேர்ந்த ஜான் வைன்மன், கீத் பெட்ரி முதலியோர் இக்கருத்தை அடிப்படையாகக் கொண்டு 1996இல் ஒரு வினாத்தாளை உருவாக்கினர். 2002இல் அது திருத்தி விரிவாக்கப்பட்டது. நெடிய வினாத்தாள் நோயாளிகளைக் களைப்புறச் செய்யும் என்பதால், எலிசபெத் பிராட்பென்ட் என்னும் ஆய்வாளரும் அவருடைய தோழர்களும் 2006இல் ஒன்பதே கேள்விகள் கொண்ட சுருக்கத்தை வெளியிட்டனர். முதுகுவலி, மூட்டுவலி போன்ற நெடுநாள் வலியுடையோரிடமும் இவ்வினாத்தாள்கள் கையாளப்பட்டுள்ளன. மூன்று மாதங்களுக்கு மேலாக நீடிக்கும் அல்லது மீண்டும் மீண்டும் வரும் வலியையே நெடுநாள் வலி என்பர்.

இவற்றையெல்லாம் நாம் எவ்வாறு அறிந்தோம் என்கிறீர்களா? நம் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் இயன்முறை மருத்துவம் பயில்கிறார். சென்ற ஆண்டு விடுமுறைக்கு வந்தவர், பாடத்துக்காகத் தாம் தமிழில் எழுதி வைத்திருந்த அந்த ஒன்பது கேள்விகளை நமக்குக் காட்டினார். ஒரே ஒரு பக்கம். நோய் உங்கள் வாழ்வை எவ்வளவு பாதிக்கிறது? இன்னும் எவ்வளவு காலம் நீடிக்கும் என எண்ணுகிறீர்கள்? அதைக் கட்டுப்படுத்துவது உங்கள் கையில் எவ்வளவு உள்ளது? மருத்துவம் எவ்வளவு உதவும்? நோயின் குறிகளை எவ்வளவு உணர்கிறீர்கள்? எவ்வளவு கவலைப்படுகிறீர்கள்? உங்கள் நோய் உங்களுக்கு எவ்வளவு விளங்குகிறது? அது உங்கள் மனநிலையை எவ்வளவு தாக்குகிறது? இந்த எட்டுக்கும் 0 முதல் 10 வரை ஓர் எண்ணால் விடை தர வேண்டும். ஒன்பதாவது கேள்விக்கு மட்டும் எண் இல்லை. நோய்க்குக் காரணம் என்று நீங்கள் கருதும் முக்கியமானவை மூன்றைச் சொல்லுங்கள் என்பது அது.

தாளைப் படித்ததும் நம் நினைவில் வந்தவர் அந்தத் தாய்தான். அடுத்த முதல் வெள்ளியன்று நற்கருணை வழங்கிய பிறகு, இளைஞரையும் அழைத்து, கட்டிலருகே அமர்ந்து, ஒவ்வொன்றாகக் கேட்கச் செய்தோம்.

எவ்வளவு காலம் நீடிக்கும்? “சாகுறவரைக்கும் தம்பி.” 10 என்று எழுதிக்கொண்டார். உங்கள் கையில் எவ்வளவு உள்ளது? “ஒண்ணுமில்லே.” 0. மருத்துவம் எவ்வளவு உதவும்? “மாத்திர போட்டா ரெண்டு மணி நேரம்.” 2. நோய் உங்களுக்கு விளங்குகிறதா? இந்தக் கேள்விக்கு அவர் தயங்கவே இல்லை. “நல்லா விளங்குது” என்றார். 10.

இளைஞருக்கு வியப்பு. “என்ன விளங்குகிறது அம்மா?” என்று கேட்டார். அத்தாய் சொன்னார்: “படம் எடுத்துப் பாத்துட்டு, எலும்பு தேஞ்சுபோச்சுன்னு சொன்னாங்க. சோப்பு தேயுற மாதிரி தேஞ்சுக்கிட்டே இருக்கு. இன்னும் கொஞ்சம் அசைஞ்சா ஒடிஞ்சிரும். அதான் அசையாமக் கெடக்கேன்.”

பாருங்கள் வாசகர்களே! ‘தேய்மானம்’ என்னும் ஒரு சொல். எங்கோ ஒரு மருத்துவமனையில், அடுத்த நோயாளி காத்திருக்கையில், விரைந்து சொல்லப்பட்ட சொல். சொன்னவர் மறந்திருப்பார். கேட்டவரோ அதைக்கொண்டு தமக்கொரு சிறைச்சாலை கட்டிக்கொண்டார். அறுபது வயதில் தலைமயிர் நரைப்பதைப் போல முதுகெலும்பின் படத்திலும் மாற்றங்கள் தெரிவதுண்டு. 1994இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வெளியான ஆய்வில், முதுகுவலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. படமெடுத்துப் பார்த்தனர். அவர்களுள் நூற்றுக்கு 64 பேருக்கு, எலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டுகளில் ஏதேனும் ஒரு மாற்றம் காணப்பட்டது. அவர்கள் நடமாடிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் படத்தைக் கண்டு அஞ்சி அசையாது கிடப்பவருக்கோ தசைகள் வலுவிழக்கின்றன, மூட்டுகள் இறுகுகின்றன, வலி மிகுகிறது. மிகுந்த வலி, ‘நான் அஞ்சியது சரிதான்’ என்று அவருக்குச் சான்று பகர்கிறது.

வலி என்பது வீட்டுக்காவல் நாயைப் போன்றது. திருடன் வந்தால் குரைப்பது அதன் வேலை. ஆனால் சில வேளைகளில் திருடன் போன பின்னும் அது குரைத்துக்கொண்டே இருக்கிறது. நாயின் குரைப்பு பொய்யன்று. காதைப் பிளக்கும் உண்மை அது. ஆனால் வீட்டினுள் திருடன் இருக்கிறான் என்பதற்கு அது எப்போதும் சான்றாகாது. நெடுநாள் வலிகள் பலவற்றில் இத்தகைய நிலை உண்டென மருத்துவ உலகம் இன்று ஒப்புக்கொள்கிறது. எல்லா வலியும் அப்படியன்று என்பதையும் உடனே சொல்லிவிடுகிறோம். வாதநோய், புற்றுநோய் போன்றவற்றில் காரணம் உள்ளேயே நீடிக்கலாம். முதுகுவலியோடு காய்ச்சல், காரணமற்ற மெலிவு, கால் மரத்துப்போதல் அல்லது வலுவிழத்தல், சிறுநீரை அடக்க இயலாமை ஆகியவற்றுள் எதுவும் தோன்றினால், இக்கட்டுரையை மூடி வைத்துவிட்டு உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

உள்ளத்துச் சித்திரத்தால் வலியின் போக்கு மாறுமா? இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் முதுகுவலியுடையோரை ஆராய்ந்து 2008இல் தம் முடிவை வெளியிட்டனர். ‘இது நெடுங்காலம் நீடிக்கும், இதனால் பெருந்தீங்கு விளையும், என் கையில் ஒன்றுமில்லை’ என்று தொடக்கத்தில் எண்ணியவர்களே, ஆறு மாதங்களுக்குப் பின் பெரிதும் நலங்குன்றிக் காணப்பட்டனர். கடும் வலியுடையோர் இருண்ட எண்ணம் கொள்வதும் இயல்புதானே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. எது முந்தியது என்பதை இத்தகைய ஆய்வு ஒன்றினால் மட்டும் முடிவுகட்ட இயலாது. ஆனால் பெட்ரியும் அவர் தோழர்களும் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் மாரடைப்புற்ற 65 பேரைக்கொண்டு நடத்தி, 2002இல் வெளியிட்ட ஆய்வு மேலும் ஒரு படி சென்றது. ஒரு பகுதியினருக்கு மட்டும் மருத்துவமனையிலேயே தம் நோயைப் பற்றிய எண்ணங்களைப் பேசித் தெளிய வாய்ப்பளித்தனர். அவர்கள் மற்றவர்களை விட விரைவில் வேலைக்குத் திரும்பினர். மூன்று மாதங்களுக்குப் பின் நெஞ்சுவலியும் அவர்களுக்குக் குறைவாகவே இருந்தது. அது நெடுநாள் வலியைப் பற்றிய ஆய்வன்று என்றாலும், நோயைப் பற்றிய எண்ணம் மாறினால் வாழ்க்கையும் மாறக்கூடும் என்பதற்கு அது சான்று.

அளவைகளின் குறையையும் அந்தத் தாயின் விடையே நமக்குக் கற்பித்தது. ‘நன்றாக விளங்குகிறது’ என்று 10 கொடுத்தார். தாளை மட்டும் பார்ப்பவர், இவருக்கு எல்லாம் தெளிவாகத் தெரியும் என்று முடிவுசெய்வார். விளங்கியிருந்தது உண்மையே; ஆனால் தவறாக விளங்கியிருந்தது! எண் கதவைத் தட்டும். திறந்து உள்ளே செல்ல, “ஏன் 10 என்றீர்கள்?” என்னும் அடுத்த கேள்வி வேண்டும்.

இனி ஒன்பதாவது கேள்வி. காரணங்கள் மூன்று சொல்ல வேண்டும். “தண்ணிக் கொடம் சொமந்தது” என்றார். “பிள்ளப்பேறுக்கு அப்புறம் ஓய்வில்லாம வேல செஞ்சது” என்றார். மூன்றாவதற்குப் பேச்சு நின்றுவிட்டது. இளைஞரைப் பார்த்தார். அவரும் குறிப்பறிந்து வெளியே சென்றார்.

பிறகு அவர் சொன்னார். இருபது ஆண்டுகளுக்கு முன் அவருடைய தாயார் இடுப்பெலும்பு முறிந்து, சொந்த ஊரில் கிடந்திருக்கிறார். இவரோ வேறூரில், குடிகாரக் கணவரோடும் மூன்று பிள்ளைகளோடும். போய்ப் பார்க்க இயலவில்லை. தாயார் மகளின் பெயரைச் சொல்லியே உயிர்விட்டாராம். “அம்மாவுக்கு இடுப்பு, எனக்கும் இடுப்பு. கடவுள் கணக்கு வச்சிருக்கார் சாமி. நீங்களும் மாசாமாசம் வந்து அதத்தானே சொல்றீங்க, சொமந்துதான் தீக்கணும்னு.”

நமக்கு மறுமொழி எழவில்லை. நான்கு ஆண்டுகளாக நாம் ‘சிலுவை’ என்று சொன்னதை அவர் ‘தண்டனை’ என்று கேட்டிருக்கிறார். ஆறுதல் என்று நினைத்து, மாதந்தோறும் அவருடைய தீர்ப்பை நாமே உறுதிசெய்து வந்திருக்கிறோம். கேட்டறியாமல் கூறிய ஆறுதல், நோயறியாமல் கொடுத்த மருந்தைப் போன்றது.

துன்பமெல்லாம் பாவத்தின் சம்பளம் என்னும் எண்ணம் பழையது. யோபுவைக் காணவந்த நண்பர்கள் அதைத்தான் பேசினார்கள். கடவுள் அவர்களைக் கடிந்துகொண்டார். பிறவிக்குருடனைக் கண்ட சீடர்கள், இது யார் செய்த பாவம் என்று கேட்டபோது, அவனும் அல்லன், அவன் பெற்றோரும் அல்லர் என்று ஆண்டவர் மறுத்தார். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1984ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள் துன்பத்தைப் பற்றி வெளியிட்ட திருத்தூது மடலில், எல்லாத் துன்பத்தையும் தண்டனையாகக் கொள்வது தகாது என்பதை யோபுவின் வரலாற்றைக் கொண்டே விளக்கினார். வலிக்கு மருந்துண்பது விசுவாசக் குறைவு என்று நினைப்போரும் நம்மிடையே உளர். அவர்களுக்குத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1957லேயே விடையளித்துவிட்டார். மயக்க மருத்துவர்களுக்கு ஆற்றிய உரையில், வலியை மருந்தால் தணித்துக்கொள்வது தகும் என்று தெளிவாக்கினார்.

இவற்றையெல்லாம் அன்று அத்தாயிடம் நாம் விரிவுரை ஆற்றவில்லை. “அம்மா, உங்கள் மகள் இப்படியொரு நிலையில் வரமுடியாமற் போனால், நீங்கள் அவளுக்கு இந்த வலியைக் கொடுப்பீர்களா?” என்று மட்டும் கேட்டோம். நெடுநேரம் அழுதார். நாமும் வாளாவிருந்தோம். அன்று எஞ்சிய வீடுகளுக்குச் செல்லத் தாமதமாயிற்று.

பின்னர் இளைஞர் தம் ஆசிரியர் ஒருவரிடம் அவரை அழைத்துச் சென்றார். அவர் பொறுமையாகப் பரிசோதித்து, எலும்பு ஒடியும் நிலையில் இல்லை என்று படத்தைக் காட்டி விளக்கி, எளிய பயிற்சிகள் கற்பித்தார். முதல் வாரம் கட்டிலில் எழுந்து அமர்தல். பிறகு சுவரைப் பிடித்து நிற்றல். பிறகு அடுப்படி வரை நடை. வலி நீங்கிவிடவில்லை. நீங்கிற்று என்று எழுதினால் நாம் பொய்யுரைத்தவராவோம். ஆனால் சென்ற முதல் வெள்ளியன்று நாம் சென்றபோது கட்டில் வெறுமையாக இருந்தது. வாசல் திண்ணையில் அமர்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். “எப்படியம்மா இருக்கிறது?” என்றோம். “வலிக்குது சாமி. ஆனா ஒடியாதுன்னு தெரிஞ்சுபோச்சு” என்றார்.

திருக்குறளில் ‘வலியறிதல்’ என்று ஓர் அதிகாரம் உண்டு. அங்கே ‘வலி’ என்பது வலிமை. செயலில் இறங்குமுன் வலிமையை எடைபோட்டறிய வேண்டும் என்பது அதன் பொருள். இன்று நாம் அதே சொல்லால் நோவைக் குறிக்கிறோம். நோயாளியின் அருகே அமர்ந்து நாம் அறிய வேண்டியவை இந்த இரண்டு வலிகளுமே என்று நமக்குத் தோன்றுகிறது. எவ்வளவு நோகிறது என்பது ஒன்று. அதைத் தாங்கவும் எதிர்கொள்ளவும் தம்மிடம் எவ்வளவு வலிமை இருப்பதாக அவர் நம்புகிறார் என்பது மற்றொன்று.

அன்புள்ள குடும்பத்தாரே, உங்கள் இல்லத்திலும் ஒரு மூலையில் வலியோடு ஒருவர் இருக்கலாம். தைலம் தேய்த்துவிடுகிறீர்கள்; மாத்திரை வாங்கித் தருகிறீர்கள்; நன்று. இன்றிரவு செபமாலை முடிந்ததும் அவர் அருகே அமர்ந்து இவற்றைக் கேட்டுப் பாருங்கள்: “இது என்னவென்று நினைக்கிறீர்கள்? எதனால் வந்ததென்று நினைக்கிறீர்கள்? எதற்கு அஞ்சுகிறீர்கள்?” விடை தவறாயிருந்தாலும் நகைக்காதீர்கள், இடைமறித்துத் திருத்தாதீர்கள், “எல்லாம் மனப்பிரமை” என்று மட்டும் சொல்லவே சொல்லாதீர்கள். கேட்டதை அடுத்த முறை மருத்துவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். பங்குக்குரு வந்தால் அவரிடமும் சொல்லுங்கள். அவர் கேட்க மறந்தால், நீங்களே நினைவூட்டுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம். இறையாசீர் உங்கள் இல்லங்களில் தங்குவதாக.